வாய் வாசிக்கிறது, பொருள் ஏறவில்லை: சின்னப் பிள்ளைகளுக்குக் கருத்துணர்தல் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில், சனிக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறேன். எல்லாரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், ஆண்டு 1 முதல் ஆண்டு 3 வரை. சில மாதங்களுக்கு முன் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். "நல்லா வாசிப்பான் டீச்சர், ஆனா கருத்துணர்தல்ல மட்டும் மார்க் வரமாட்டேங்குது" என்றார் அவன் அம்மா. நான் எழுதி வைத்திருந்த சின்னப் பத்தி ஒன்றை அவனிடம் கொடுத்தேன்.

"கவிதா பாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகுத்துறைக்குள் ஓடினாள். மணி அடித்தது. அவர்கள் கண்ணெதிரே கதவு மூடியது. பாட்டி பெருமூச்சு விட்டார். 'சரி, வா. உட்காருவோம். பையில் முறுக்கு இருக்கிறது' என்றார்."

ஓர் எழுத்தில்கூடத் தடுக்காமல், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். "பாட்டியும் கவிதாவும் ஃபெரியில ஏறிட்டாங்களா?" என்று கேட்டேன். "ஏறிட்டாங்க." எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "படகுத்துறைன்னு போட்டிருக்கே, டீச்சர்" என்றான்.

கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் பாட்டி வீடு உள்ள பையன் அவன். ஃபெரியில் எத்தனையோ தடவை போனவன். கதவு மூடினால் அடுத்த ஃபெரிக்குக் காத்திருக்க வேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை வாசிப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. கேள்வி கேட்டோம், தவறு என்று கோடு போட்டோம், அடுத்த பத்தியைக் கொடுத்தோம். அமெரிக்காவில் டோலரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களில் உட்கார்ந்து நேரம் குறித்துப் பார்த்து 1978-79இல் எழுதினார். புரிந்துகொள்ளும் வழியைச் சொல்லிக்கொடுக்கச் செலவான நேரம் ஒரு சதவீதம்கூட இல்லை. புரிந்ததா என்று சோதிக்கவே நேரம் போயிருந்தது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதுதான் நடக்கிறது. கீழே உள்ள படிகளை வீட்டிலும் வகுப்பிலும் செய்யலாம். தாளும் பென்சிலும் போதும்.

முதல் படி: சிக்கல் எங்கே என்று பாருங்கள்

1986இல் காஃப், டன்மர் என்ற இருவர் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது, எழுத்தைச் சொல்லாக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கி வருவது. பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

இதைச் சோதிப்பது சுலபம். ஒரே அளவு கடினமான இரண்டு சின்னப் பத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிள்ளை வாசிக்கட்டும், மற்றதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் வாசித்தபோது புரிந்து, தானே வாசித்தபோது புரியவில்லை என்றால் பிள்ளையின் கவனமெல்லாம் எழுத்துக் கூட்டுவதிலேயே போகிறது. 247 எழுத்து என்பது ஏழு வயதுக்குச் சின்னச் சுமையல்ல. கொம்பும் காலும் சேரும் கொ, கோ வரிசையில் பலர் தடுமாறுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சியை விடாமல் கொடுங்கள். அதற்காகக் கருத்துணர்தலைத் தள்ளிப்போடவும் வேண்டாம். நீங்கள் வாசிக்க, பிள்ளை கேட்டுப் புரிந்துகொள்ளட்டும். கீழே சொல்லும் எல்லாவற்றையும் காதால் கேட்டே பழகலாம்.

காதால் கேட்டும் புரியவில்லையா? அப்படியானால் சொல், வாக்கிய அமைப்பு, உலக அறிவு ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது.

இரண்டாம் படி: வாசிக்கும் முன் கொஞ்சம் பேசுங்கள்

1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தி ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள்.

இதை நான் கண்ணாலேயே பார்க்கிறேன். தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போவதைப் பற்றிய பத்தி என்றால், எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைகூட வரிக்கு வரி கதை சொல்லும். தண்ணீர்ப் பந்தல், உடையும் தேங்காய், தோளில் தூங்கிப்போன தங்கச்சி என்று பத்தியில் இல்லாததெல்லாம் வரும். அடுத்த வாரம் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கதை. பதினான்காவது மாடியில் வளரும் பிள்ளைக்குக் கிணறு தெரியாது, கப்பி தெரியாது, வாளி கயிற்றோடு நழுவி உள்ளே விழுந்தால் என்ன பாடு என்றும் தெரியாது. முகம் வெறிச்சென்று ஆகிவிடும்.

அதனால் வாசிக்கும் முன் மூன்று நான்கு நிமிடம் பேசுங்கள். படம் இருந்தால் காட்டுங்கள், கையால் செய்து காட்டுங்கள். மூன்று சொல்லுக்கு மேல் முன்கூட்டி விளக்க வேண்டாம். அந்த மூன்றும், இல்லாவிட்டால் கதையே நகராத சொற்களாக இருக்கட்டும். மற்றதை வாசிக்கும்போதே ஊகிக்கலாம்.

மூன்றாம் படி: உங்கள் மனம் வாசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

நாம் வாசிக்கும்போது மனத்துக்குள் ஓயாமல் பேசுகிறோம். ஊகிக்கிறோம், சந்தேகப்படுகிறோம், திரும்பிப் பார்க்கிறோம். பிள்ளைக்கு அது கேட்பதில்லை. பெரியவர்களுக்கு வாசித்தவுடன் தானாகவே புரிந்துவிடுகிறது, தனக்கு மட்டும்தான் இல்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. ஆகவே அந்த உள்பேச்சை வெளியே கொண்டுவாருங்கள். படகுத்துறைப் பத்தியை நான் அந்தப் பையனுக்கு வாசித்துக் காட்டியது இப்படி:

"'கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.' ஏன் இழுக்கணும்? நடந்து போகலாமே. நேரமாயிடுச்சு போல. பாட்டியால வேகமா வர முடியல போல. சரி, மேல பார்ப்போம். 'மணி அடித்தது.' எந்த மணி? ஸ்கூல் மணியா? இல்லை, படகுத்துறையில இருக்காங்க. ஃபெரி கிளம்பப் போகுது. 'அவர்கள் கண்ணெதிரே கதவு மூடியது.' கண்ணெதிரேன்னா கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறாங்க. ஐயோ, உள்ள போகல. ஆனா எனக்கு இன்னும் சந்தேகம். 'பாட்டி பெருமூச்சு விட்டார்.' எங்க பாட்டி ஏமாந்தா இப்படித்தான் விடுவாங்க. 'உட்காருவோம்', 'முறுக்கு.' ஆமா, அடுத்த ஃபெரிக்குக் காத்திருக்கப் போறாங்க. முதல்ல நினைச்சது சரிதான்."

பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சர், நீங்க இவ்ளோ யோசிக்கிறீங்களா?" என்றான். ஆமாம், எல்லாரும் யோசிக்கிறோம் என்றேன்.

இதைச் செய்யும்போது இரண்டு விஷயம் கவனம். "இல்லை", "சந்தேகம்", "திரும்பிப் பார்ப்போம்" போன்ற சொற்கள் உங்கள் பேச்சில் கட்டாயம் வரட்டும். தடுமாறுவதும் திருத்திக்கொள்வதும் வாசிப்பின் ஒரு பகுதி என்று பிள்ளை பார்க்க வேண்டும். அப்புறம், ஐந்தாறு வரிக்கு மேல் செய்யாதீர்கள். முழுப் பக்கத்துக்கும் நீங்களே பேசினால் அது சொற்பொழிவாகிவிடும்.

நான்காம் படி: எழுத்துத் தமிழின் வால்களைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்

வெளிநாட்டு வாசிப்புக் கையேடுகளில் இந்தப் படியைத் தேடினால் கிடைக்காது. இது நம் மொழிக்கே உரியது.

பிள்ளை வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு. "வந்துச்சு" தெரியும், "வந்தது" பழகிவிடும், "வந்தன" என்று எந்த வீட்டில் பேசுகிறோம்? "பறந்தன" என்று வாசிக்கும் பிள்ளைக்கு, பறந்தது ஒன்றல்ல, பல என்ற செய்தி போய்ச் சேர்வதில்லை. சொல்லின் கடைசியில்தான் தமிழ் முக்கால்வாசிப் பொருளை வைத்திருக்கிறது. பிள்ளைகளின் கண்ணோ சொல்லின் தலையைப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறது.

இந்த வாக்கியத்தை உங்கள் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்: "நாயைப் பூனை துரத்தியது." யார் ஓடியது, யார் துரத்தியது? என் வகுப்பில் முதல் தடவை பாதிப் பேர் நாய்தான் துரத்தியது என்றார்கள். உலகத்தில் அப்படித்தானே நடக்கிறது, நாயும் முதலில் நிற்கிறது. "ஐ" என்ற ஒரே எழுத்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டதைக் காட்டியதும், பிள்ளைகளே "தம்பியை அக்கா கிள்ளினாள்", "சாரை நான் கூப்பிட்டேன்" என்று அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"பெய்ததால்", "பெய்தாலும்" ஜோடியும் அப்படித்தான். "மழை பெய்ததால் அவர்கள் விளையாட..." என்று நிறுத்துங்கள். பிள்ளை முடிக்கட்டும். பிறகு "மழை பெய்தாலும் அவர்கள் விளையாட..." என்று நிறுத்துங்கள். முதலாவது "விளையாடவில்லை" என்று போகும், இரண்டாவது "விளையாடினார்கள்" என்று போகும். வினாடி வினாபோலத் தினமும் இரண்டு நிமிடம் செய்தால் போதும்.

நீண்ட வாக்கியம் வந்தால் கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டால் முடிச்சு அவிழும். "அப்பா வாங்கி வந்த பையிலிருந்து உருண்டு விழுந்த மாங்காயைத் தம்பி எடுத்து ஒளித்து வைத்தான்." கடைசியில் என்ன நடந்தது? ஒளித்து வைத்தான். "ஆன்" என்று முடிகிறது, அதனால் ஓர் ஆண். யார்? தம்பி. எதை? மாங்காயை. எந்த மாங்காயை? உருண்டு விழுந்த மாங்காயை. எங்கிருந்து? பையிலிருந்து. எந்தப் பை? அப்பா வாங்கி வந்தது. பிள்ளை ஒவ்வொரு பதிலுக்கும் விரலால் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டட்டும்.

பேர் சொல்லாமல் வரும் வாக்கியங்களுக்கும் இதே வழி. "சிரித்தாள்" என்று மட்டும் இருந்தால், கதையில் இதுவரை வந்த பெண்கள் யார் யார், அவர்களில் யார் சிரித்திருக்க முடியும் என்று திரும்பிப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: "புரியல" என்று கண்டுபிடிக்கப் பழக்குங்கள்

எலன் மார்க்மன் என்பவர் 1970களில் ஒன்றுக்கொன்று முரணான வாக்கியங்களைக் கட்டுரைக்குள் வைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தார். பலர் கவனிக்கவே இல்லை. எல்லாம் புரிந்தது என்றார்கள். தனக்குப் புரியவில்லை என்று தெரிவதே ஒரு திறன், அதுவும் பயிற்சியால்தான் வரும்.

நான் அதே தந்திரத்தை விளையாட்டாகச் செய்கிறேன். "அம்மா காலையில் துணி காயப்போட்டார். மதியம் முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. சாயங்காலம் அம்மா காய்ந்த துணிகளை எடுத்து மடித்தார்." இதில் ஏதோ சரியில்லை, கண்டுபிடி. மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, "உள்ள காயப்போட்டிருப்பாங்க, எங்க வீட்டுல பால்கனியிலதான் போடுவாங்க" என்று சொல்லி என்னையே மடக்கினாள். அதைத்தான் வாசிப்பு என்கிறேன். அன்று முழு மதிப்பெண் அவளுக்குத்தான்.

புத்தகம் வாசிக்கும்போது புரியாத இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வைத்த பிறகு செய்ய வேண்டியது மூன்று: அந்த வரியை மறுபடி மெதுவாக வாசி, முந்தைய வரிக்குப் போ, அடுத்த வரியைப் பார். அப்படியும் புரியாவிட்டால் கேள். புள்ளி அதிகம் வைத்த பிள்ளையைப் பாராட்டுங்கள். ஒரு புள்ளியும் வைக்காத பிள்ளையிடம்தான் எனக்குக் கவலை.

ஆறாம் படி: கேள்வி கேட்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்

1984இல் பாலின்க்சர், பிரௌன் என்ற இரு ஆய்வாளர்கள், மாணவர்களே முறை வைத்து ஆசிரியராக இருக்கும் பாடமுறை ஒன்றை விவரித்தார்கள். அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, சுருக்கிச் சொல்வது ஆகிய நான்கு வேலைகள். அவர்கள் ஏழாம் வகுப்பு மாணவர்களோடு செய்தார்கள். ஏழு வயதுக்கு நான்கையும் ஒரே நாளில் கொடுத்தால் குழம்பிவிடும். ஒரு நாளைக்கு ஒரு வேலை என்று வாயாலேயே செய்யலாம்.

சின்னப் பிள்ளைகள் முதலில் "பாட்டியின் பையில் என்ன இருந்தது?" போன்ற கேள்விதான் கேட்பார்கள். தப்பில்லை. கொஞ்ச நாளில் பதில் இருக்கும் இடத்தை வைத்துக் கேள்வியைப் பிரித்துக் காட்டுங்கள். கண்ணால் எடுக்கும் பதில் வரியிலேயே இருக்கும். சேர்த்து எடுக்கும் பதிலுக்கு இரண்டு மூன்று வரியைக் கோக்க வேண்டும். நம்மிடமிருந்து எடுக்கும் பதிலுக்கு நமக்குத் தெரிந்ததையும் கலக்க வேண்டும்.

கதை மட்டும்தான் என்றில்லை. தகவல் பத்தியிலும் இது அழகாக வேலை செய்யும். "பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் 13.5 கிலோமீட்டர்." எந்த ஆண்டு என்பது கண்ணால் எடுக்கும் பதில். 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் கணக்குப் போடத் தெரிந்த அண்ணன் உதவிக்கு வருவான். பத்து நிமிடம். "1985க்கு முன்னாடி காரை எப்படித் தீவுக்குக் கொண்டு வந்திருப்பாங்க?" என்பது மூன்றாம் வகை. ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு யாராவது ஒருவர் "ஃபெரி!" என்று கத்துவார். அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுங்கள். நாம் பெரும்பாலும் சில நொடிகூடப் பொறுக்காமல் பதிலைச் சொல்லிவிடுகிறோம்.

ஏழாம் படி: திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்

ஐந்து விரல் போதும். யார், எங்கே, என்ன சிக்கல், என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வாக்கியம். கதையைக் கேட்டிராத ஒருவரிடம் சொல்வதென்றால் பிள்ளை இன்னும் கவனமாகச் சொல்லும். ஊரில் உள்ள தாத்தாவுக்குப் போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "யார்டா அது கவிதா?" என்று அவர் குறுக்கே கேட்பதே நல்ல பயிற்சி.

எந்த மொழியில் சொல்லலாம்? நம் பிள்ளைகள் பள்ளியில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் படிக்கிறார்கள், வீட்டில் மூன்றும் கலந்தே பேசுகிறார்கள். "அவங்க ஃபெரிய மிஸ் பண்ணிட்டாங்க" என்று பிள்ளை சொன்னால் அதுவே சரியான பதில். பாராட்டிவிட்டு, "ஆமாம், அவர்கள் ஃபெரியைத் தவறவிட்டுவிட்டார்கள்" என்று நீங்கள் எழுத்துத் தமிழில் ஒரு முறை சொல்லுங்கள். "தமிழ்ல ஒழுங்கா சொல்லு" என்று அதட்டினால், அடுத்த முறை புரிந்ததையும் சொல்லாமல் இருந்துவிடும். புரிந்துகொள்வதையும் அழகாக எழுதுவதையும் ஒரே நேரத்தில் அளக்காதீர்கள்.

எவ்வளவு நேரம், எத்தனை நாள்?

வாரத்துக்கு நான்கு நாள், ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது நிமிடம். ஒரு படியை இரண்டு மூன்று வாரமாவது விடாமல் செய்யுங்கள். முதல் வாரம் நீங்கள் செய்து காட்டுவது அதிகம், அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து, அதற்கடுத்த வாரம் பிள்ளை செய்ய நீங்கள் பக்கத்தில் இருப்பது. பிள்ளை தானே செய்யத் தொடங்கியதும் பின்வாங்கிவிடுங்கள். எல்லாப் பத்திக்கும் புள்ளி, விரல், மூன்று வகைக் கேள்வி என்று போட்டு வாட்டினால் வாசிப்பின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் சும்மா வாசியுங்கள். கேள்வி வேண்டாம், சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம்.

பிள்ளை தப்பாக வாசிக்கும் ஒவ்வொரு சொல்லையும் உடனே திருத்த வேண்டாம். வாக்கியம் முடியும்வரை பொறுங்கள். பொருள் கெட்டுப்போயிருந்தால் "அது சரியா வருதா?" என்று கேளுங்கள். பொருள் கெடாவிட்டால் அப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசைவே இல்லை என்றால், பிள்ளையைக் குறை சொல்லும் முன் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். எழுத்துகள் தொடர்ந்து குழம்பினால் பள்ளி ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் டிஸ்லெக்ஸியா (எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) பற்றிக் கேளுங்கள். என் வகுப்பில் ஒரு பெண் எல்லாச் சொல்லின் வாலையும் ஊகித்தே வாசித்துக்கொண்டிருந்தாள். நாலாம் படியை ஒரு மாதம் திரும்பத் திரும்பச் செய்தோம், நகரவில்லை. அவளை அவசரக்காரி என்றே நான் நினைத்திருந்தேன், அதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன். அவளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த சனிக்கிழமை, "நாயைப் பூனை துரத்தியது" என்று பலகையில் எழுதி மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.